விற்ற நாளும் பணம் வந்த நாளும்

காந்தலூர்த் தோட்டத்தில் பிடுங்கிய வெள்ளைப்பூண்டு, விவசாயியின் கையில் பணமாக மாறுவதற்குள் பல தேதிகளைக் கடக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் வியாபாரி முன்பணம் கொடுத்தது ஒரு நாள். காயவைத்து மூட்டை கட்டி வண்டியில் ஏற்றியது ஒரு நாள். வடுகபட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ மண்டியில் விலை போனது இன்னொரு நாள். முன்பணத்தையும் கமிஷனையும் கழித்து மீதி வங்கியில் விழுந்தது வேறொரு நாள். இதில் எந்த நாளில் விற்பனை நடந்தது? கணக்கு எழுதுகிறவர் இதற்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும். கணக்கு நோட்டில் தேதிக்கு இருப்பது ஒரே ஒரு கட்டம்தான்.

தாள் நோட்டில் எழுதுகிறவர் இந்தச் சிக்கலைப் பென்சில் குறிப்பால் சமாளித்துவிடுவார். கணினியில் அப்படி முடியாது; எந்தத் தேதியைக் கொடுக்கிறோமோ அதை வைத்தே அது கூட்டும், கழிக்கும், ஆண்டை முடிக்கும். கடந்த இருபது ஆண்டுகளில் எளிய எழுத்துக் கோப்பிலேயே கணக்கு எழுதும் ஒரு வகை மென்பொருள் வளர்ந்திருக்கிறது. அதை உருவாக்கியவர்களுக்குள்ளேயே இந்தத் தேதிக் கேள்வியில் ஒருமித்த கருத்து இல்லை. அவர்கள் கண்ட மூன்று வழிகளையும் காந்தலூர்ப் பூண்டை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஊரைப் பற்றிச் சில வரிகள். காந்தலூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மறையூருக்கு மேலே மலையில் இருக்கிறது. அஞ்சுநாடு என்று சொல்லப்படும் பழைய ஊர்க்கூட்டத்தைச் சேர்ந்தது. ஆட்சி கேரளத்தினுடையது, பேச்சும் வியாபாரமும் பெரும்பாலும் தமிழ். உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி, சின்னார் காட்டு வழியாக மறையூருக்குப் போகும் சாலைதான் இவர்களைத் தமிழ்நாட்டுச் சந்தைகளோடு இணைக்கிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019இலும் காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஆகியவையும் இங்கே விளைகின்றன. காய்கறியில் ஒரு பகுதியைக் கேரள அரசின் ஹார்ட்டிகார்ப் வாங்குகிறது. ஓணத்தை ஒட்டி அந்த நிறுவனம் தர வேண்டிய பாக்கி பற்றிய செய்திகள் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. தனியார் வியாபாரியானாலும் அரசு நிறுவனமானாலும் சரக்கு போன நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கணக்கில் எங்கே வைப்பது என்பதே நம் கேள்வி.

இனி மென்பொருள். ஜான் வீக்லி 2003இல் எழுதத் தொடங்கிய லெட்ஜர் இந்த வகையின் முன்னோடி. அதைப் பின்பற்றி 2007இல் சைமன் மைக்கேல் எச்லெட்ஜரைத் தொடங்கினார். மார்ட்டின் பிளே உருவாக்கிய பீன்கவுண்ட் மூன்றாவது. மூன்றிலும் அடிப்படை ஒன்றே. ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்து, மேலே தேதியும் விவரமும், கீழே இரண்டோ அதற்கு மேலோ வரிகளில் கணக்கின் பெயரும் தொகையும் எழுத வேண்டும். தொகைகளைக் கூட்டினால் சுழியம் வர வேண்டும். 1494இல் வெனிசில் லூக்கா பச்சோலி அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான் இது. கோப்பை எந்தக் கருவியிலும் திறக்கலாம், பத்தாண்டு கழித்தும் படிக்கலாம், கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இந்தக் கடைசி வசதி போதும், நான் இதைத் தமிழ் விவசாயிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் பரிந்துரைப்பதற்கு.

முதல் வழி லெட்ஜருடையது. ஒரு பதிவின் தலையில் சமக்குறி போட்டு இரண்டு தேதிகளை எழுதலாம்: 2024/03/26=2024/05/14 என்று. முதலாவது நடந்த தேதி, இரண்டாவது துணைத் தேதி. அறிக்கை எடுக்கும்போது எந்தத் தேதியின்படி வேண்டும் என்று கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தலையில் எழுதிய தேதி அந்தப் பதிவின் எல்லா வரிகளையும் சேர்த்தே நகர்த்தும். முதல் தேதிப்படி அறிக்கை எடுத்தால், மே மாதம் வந்த பணம் மார்ச் மாதமே வங்கியில் இருந்ததாகக் காட்டும். இரண்டாம் தேதிப்படி எடுத்தால், மார்ச்சில் விற்ற பூண்டு மே வரை விற்கவே இல்லை என்று காட்டும். இரண்டு அறிக்கையிலும் ஒரு பாதி பொய்.

இதைச் சரிசெய்ய வந்தது இரண்டாம் வழி: ஒவ்வொரு வரிக்கும் தனித் தேதி. லெட்ஜரிலும் இதற்கு இடம் உண்டு. எச்லெட்ஜரின் கையேடு, பதிவுக்கு இரண்டாம் தேதி கொடுப்பதைவிட வரிக்குத் தேதி கொடுப்பதே தெளிவு என்று சொல்கிறது. கையிருப்பில் வைத்திருந்த 120 கிலோ பூண்டு, கிலோ 200 ரூபாய்க்கு விலை போனதாக விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம்.

2024-03-26 மண்டியில் பூண்டு விற்பனை
    சொத்து:வங்கி          ரூ 24000  ; [2024-05-14]
    வருமானம்:பூண்டு       ரூ -24000

அரைப்புள்ளிக்குப் பின் சதுர அடைப்பில் உள்ளது வங்கி வரியின் தேதி. வருமானம் மார்ச் 26இல் நிற்கிறது, வங்கி இருப்பு மே 14இல் ஏறுகிறது. இரண்டும் உண்மை. வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் வரிக்கு வரி பொருந்தும். இதனால்தான் பலருக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

ஆனால் இதே கோப்பில் மார்ச் 31ஆம் தேதிக்கு ஐந்தொகை எடுத்துப் பாருங்கள். வருமானப் பக்கம் 24,000 இருக்கிறது. வங்கியில் ஒன்றும் இல்லை. வேறு எந்தக் கணக்கிலும் இல்லை. கூட்டினால் சுழியம் வராது. இரட்டைப் பதிவு முறையின் ஒரே உத்தரவாதம், எந்த நாளில் நிறுத்தினாலும் இரு பக்கமும் சமமாக இருக்கும் என்பது. அந்த உத்தரவாதம் மார்ச் 26 முதல் மே 14 வரை உடைந்து கிடக்கிறது. அந்த 49 நாளும் 24,000 ரூபாய் யாரிடம் இருந்தது? மண்டிக்காரரிடம் இருந்தது. கோப்பில் மண்டிக்காரர் எங்கும் இல்லை. விவசாயிக்கு மிக முக்கியமான செய்தி, இன்னார் எனக்கு இவ்வளவு தர வேண்டும் என்பது, இந்த முறையில் எழுதப்படவே இல்லை.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இரண்டு தேதிகளுக்கு இடையிலான காலம் என்பது ஒருவர் இன்னொருவருக்குப் பட்டிருக்கும் கடன். கடனுக்குக் கணக்குப் பெயர் வேண்டும். தேதியை இரட்டிப்பாக்குவது அந்தப் பெயரை மறைத்துவிடுகிறது.

மூன்றாம் வழி கடனுக்கு அந்தக் கணக்குப் பெயரைக் கொடுக்கிறது. பீன்கவுண்டில் ஒரு பதிவுக்கு ஒரே தேதி. மார்ட்டின் பிளே தீர்வு நாட்களையும் இடைமாற்றுக் கணக்குகளையும் பற்றி ஒரு தனி முன்மொழிவே எழுதியிருக்கிறார். ஒரு பதிவை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு கணக்கை நிறுத்தி, முதல் பதிவில் அதை நிரப்பி இரண்டாம் பதிவில் காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு மென்பொருளில் புது வசதி எதுவும் தேவையில்லை. லெட்ஜரிலும் எச்லெட்ஜரிலும் இதே முறையில் எழுதலாம். நம் பூண்டுக் கணக்கில் முன்பணம் 10,000 ரூபாய், மண்டியின் கமிஷனும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் 2,400 ரூபாய் என்று சேர்த்துக்கொண்டால் இப்படி வரும்:

2024-03-26 மண்டியில் பூண்டு விற்பனை
    சொத்து:வரவேண்டியது:மண்டி       ரூ 21600
    செலவு:கமிஷன் கூலி              ரூ 2400
    வருமானம்:பூண்டு                ரூ -24000

2024-05-14 முன்பணம் கழித்து மீதி வரவு
    சொத்து:வங்கி                   ரூ 11600
    பொறுப்பு:மண்டி முன்பணம்         ரூ 10000
    சொத்து:வரவேண்டியது:மண்டி       ரூ -21600

ஒவ்வொரு பதிவும் தன்னளவில் சமம். மார்ச் 31க்கு ஐந்தொகை எடுத்தால், மண்டி 21,600 தர வேண்டும், மண்டிக்கு 10,000 திருப்ப வேண்டும் என்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மே 14க்குப் பிறகு வரவேண்டிய கணக்கில் சுழியம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ ஒரு மூட்டைக்குப் பணம் வரவில்லை, அல்லது சிட்டையில் சொல்லாத ஒரு கழிவு நடந்திருக்கிறது. வரித் தேதி முறையில் இந்த எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது.

இரண்டாம் பதிவில் முன்பணத்தை எந்தத் தேதியில் ஈடு செய்திருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். மே 14. மண்டிக்காரர் மார்ச் 26இலேயே தன் கையில் இருந்த விற்பனைத் தொகையில் முன்பணத்தைக் கழித்துக்கொண்டிருக்கலாம். எந்த நாளில் கழித்தார் என்பது வட்டி உள்ள முன்பணமானால் சின்ன விஷயம் இல்லை. மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, மாதத்துக்கு 30 நாள் என்று போட்டால், 10,000 ரூபாய்க்கு 49 நாள் வட்டி ஏறத்தாழ 327 ரூபாய். நம் பணம் அவரிடம் இருக்கும்போதே அவர் பணத்துக்கு நாம் வட்டி கட்டுகிறோமா என்பதை ஒரு தேதி தீர்மானிக்கிறது. வெளிப்படையாக வட்டி வாங்காத வியாபாரியும் அதை விலையில் குறைத்துக்கொள்ள முடியும். முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குச் சரக்கை அனுப்ப முடியாது என்பதே அந்த முன்பணத்தின் பெரிய விலை. அதை எந்தக் கணக்கு வரியிலும் எழுத வழியில்லை.

விற்ற நாள் எது என்ற முதல் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. வண்டியில் ஏற்றிய நாளா, மண்டியில் விலை போன நாளா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 19ஆம் பிரிவில், குறிப்பிட்ட சரக்கின் உடைமை எப்போது கைமாற வேண்டும் என்று இரு தரப்பாரும் நினைத்தார்களோ அப்போதே கைமாறுகிறது என்கிறது. வியாபாரி தோட்டத்துக்கே வந்து விலை பேசி எடை போட்டு வாங்கினால் அன்றே விற்பனை. கமிஷன் மண்டிக்கு அனுப்பினால், அங்கே விலை போகும்வரை பூண்டு விவசாயியுடையது. வழியில் மழையில் நனைந்தாலும் நட்டம் அவருக்கே. ஆகவே ஏற்றிய நாளில் வருமானம் எழுதக் கூடாது. வேண்டுமானால் "இருப்பு:வழியில்" என்று ஒரு கணக்கில் மூட்டைகளை எண்ணிக்கையாக எழுதி வைக்கலாம். இந்த மென்பொருள்கள் ரூபாயைப் போலவே கிலோவையும் மூட்டையையும் ஓர் அலகாக ஏற்றுக்கொள்ளும்.

நம் பக்கத்தில் இது புதிய சிந்தனை இல்லை. நகரத்தார் குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் எழுதி, பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்றவர்கள். அவர்களுடைய உண்டியலில் காட்டியதும் பணம் தர வேண்டியது ஒரு வகை, குறித்த தவணை கழித்துத் தர வேண்டியது இன்னொரு வகை. நடப்பு வட்டி, தவணை வட்டி என்று வட்டியையே பிரித்து வைத்திருந்தார்கள். உண்டியல் எழுதிய நாளும் தீர்ந்த நாளும் வேறு என்பதால், இடையில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது அவரவர் பெயரில் உள்ள பேரேட்டுப் பக்கத்தில் இருந்தது. ஒரே வரியில் இரண்டு தேதி எழுதி அந்த வணிகத்தை நடத்தியிருக்க முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியே வடக்கே போனால் பாலக்காட்டு எல்லை வருகிறது. சித்தூர் வட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நெல் விவசாயிகளின் கணக்கு, காந்தலூர்க் கணக்கைவிடவும் சிக்கலானது. கேரளத்தில் நெல்லைக் கொள்முதல் செய்வது அரசின் சப்ளைகோ. நெல்லை எடுத்துப்போவது அரிசி ஆலை. விவசாயிக்குக் கிடைப்பது நெல் ரசீது. அதை வங்கியில் கொடுத்தால் வங்கி பணம் தருகிறது, ஆனால் விவசாயி பெயரில் கடனாக. பிறகு சப்ளைகோ அந்தக் கடனை வட்டியோடு வங்கிக்குத் தீர்க்கிறது. 2023-24இல் கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு: மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 21.83, மாநிலத்தின் ஊக்கத்தொகை 6.37.

இங்கே ஆலை எடை போட்ட நாள், வங்கி பணம் போட்ட நாள், சப்ளைகோ வங்கிக்குத் தீர்த்த நாள் என்று மூன்று தேதிகள். பெரும்பாலான விவசாயிகள் மனக்கணக்கில் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள்: நெல் போனது, பணம் வந்தது, முடிந்தது. வங்கியின் பேரேட்டில் அது முடியவில்லை. சப்ளைகோ தீர்க்கும்வரை விவசாயி கடன்காரர். தாமதம் ஆனபோது தங்கள் சிபில் மதிப்பெண் குறைந்து வேறு கடன் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். திருப்பிக் கட்டும் பொறுப்பு சப்ளைகோவுடையது என்று அரசு சொன்னது. இதை முறையாக எழுதினால் மூன்று பதிவு வரும். எடை போட்ட நாளில் சப்ளைகோ தர வேண்டியது ஏறும். வங்கிப் பணம் வந்த நாளில் வங்கி இருப்பும் ரசீதுக் கடனும் சேர்ந்து ஏறும். மூன்றாம் நாளில் சப்ளைகோ பாக்கியும் ரசீதுக் கடனும் ஒன்றையொன்று தீர்க்கும். அந்த மூன்றாம் பதிவை எழுத முடியாமல் நாள் போகிறது என்றால், தன் பெயரில் கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது விவசாயிக்குத் தன் கோப்பிலேயே தெரியும். இரட்டைத் தேதி முறையில் இந்தக் கடன் கண்ணில் படாது, ஏனென்றால் வங்கியில் பணம் வந்ததோடு பதிவு முடிந்துவிட்டது.

விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால் மார்ச் 31 விவசாயியை நேரடியாகத் தொடாது. அவரோடு வியாபாரம் செய்யும் மண்டியையும் உரக்கடையையும் அது தொடும். கம்பெனிகள் பணம் வந்த நாளைப் பார்க்காமல் உரிமை பிறந்த நாளிலேயே கணக்கு எழுத வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற வணிகர்கள் பணம் வந்த நாளில் எழுதும் ரொக்க முறை, உரிமை பிறந்த நாளில் எழுதும் மெர்கண்டைல் முறை இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து கடைப்பிடிக்க 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. அதே சட்டத்தில் பின்னர் சேர்த்த ஒரு விதி, குறு சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, சட்டம் குறித்த கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளில், பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும் என்றது. சரக்கை ஏற்ற நாள், கெடு நாள், பணம் கொடுத்த நாள் மூன்றும் வரியைத் தீர்மானிக்கும்போது, பாக்கியை ஆள் பெயரில் எழுதி வைக்காத வணிகர் மார்ச் கடைசியில் சிட்டைகளைத் துழாவிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

கணக்கு வரிக்குத் தனித் தேதி கொடுப்பது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. வங்கிப் புத்தகத்தில் பரிவர்த்தனைத் தேதி, மதிப்புத் தேதி என்று இரண்டு இருக்கும். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் நடப்பதால், வங்கி வழியாகப் போகும் பணத்தில் இடைவெளி பெரும்பாலும் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. நள்ளிரவுக்கு முன் அனுப்பியது மறுநாள் ஏறினால், அதற்காக ஓர் இடைக்கணக்கு திறப்பது வீண் வேலை. வரித் தேதி போதும். என் அளவுகோல் இது: அந்த இடைவெளியில் பணத்தைத் தராமல் போகக்கூடியவர் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவர் பெயரில் கணக்கு வேண்டும்.

இடைக்கணக்கு முறைக்கும் ஒரு குறை உண்டு. மண்டி ஒவ்வொரு சிட்டைக்கும் தனித்தனியாகப் பணம் தருவதில்லை. நான்கு லோடுக்குச் சேர்த்து ஒரு தொகை தரும், அதுவும் முழுதாகத் தராது. அப்போது எந்தச் சிட்டை தீர்ந்தது, எது பாக்கி என்று வெறும் மொத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிவிலும் சிட்டை எண்ணைக் குறியாக எழுதி, பணம் வந்த பதிவிலும் அதே எண்ணைக் குறிக்க வேண்டும். பீன்கவுண்டில் பதிவுகளை ஒரே கண்ணியில் இணைக்க வசதி உண்டு. எச்லெட்ஜரில் குறிச்சொல் வைத்துத் தேடலாம். எண் இல்லாத துண்டுச்சீட்டில் எழுதித் தரும் மண்டியானால், தேதியும் எடையும் சேர்த்து நாமே ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இது உழைப்புதான்.

இன்னொரு தேதியைச் சொல்லாமல் முடிக்க முடியாது: நாம் பதிவை எழுதிய நாள். மார்ச் 26இல் நடந்ததை ஏப்ரல் 10இல் உட்கார்ந்து எழுதியிருக்கலாம், ஜூன் மாதம் திருத்தியிருக்கலாம். பின்தேதியிட்டு எழுதும் பழக்கத்தைத் தடுக்கத்தான், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் அழியாமல் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. எழுத்துக் கோப்புக் கணக்குக்கு இது இயல்பாகவே கைகூடும். மென்பொருள் எழுதுகிறவர்கள் நிரல்களைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் கிட் கருவியில் கோப்பை வைத்தால், எந்த வரி எந்த நாளில் சேர்ந்தது, யார் மாற்றினார் என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்தத் தேதியைக் கோப்புக்குள் கையால் எழுத வேண்டியதில்லை.

ஆக, கோப்பில் நடந்த நாள் ஒன்று போதும். பணம் வரும் நாள் இன்னொரு பதிவாக வரட்டும். விவசாயிகள் தங்கள் பங்குக்கு இதைச் செய்ய முடியும். ஆனால் அவர்கள் எழுதுவது அவர்களுக்குக் கிடைக்கும் சிட்டையைப் பார்த்துத்தான். அதனால் மண்டிகளுக்கும் கொள்முதல் நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை: நீங்கள் தரும் ஒவ்வொரு சீட்டிலும் வரிசை எண், எடை போட்ட நாள், விலை போன நாள், முன்பணம் கழித்த நாள், பணம் தரப்போகும் நாள் ஆகியவற்றைத் தனித்தனியே அச்சிட்டுக் கொடுங்கள்.